முதல் மரப்பெட்டி: அளப்பதை விட்டு ஒப்பிடப் பழகுங்கள்

ஒரு புத்தக அலமாரியும் இரண்டு முக்காலியும் செய்திருக்கிறீர்கள். இனி, கையில் எடுத்தவருக்குக் கீழே வைக்க மனம் வராதபடி சின்னச் சின்ன மரப்பெட்டிகள் செய்ய ஆசை என்கிறீர்கள். என்ன கருவி வாங்குவது, எந்த மரம், எந்த இணைப்பில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் நாலைந்து பெட்டிகளும் கோணலாகப் போனது அது தெரியாததால்தான்.

அலமாரியில் ஒரு தட்டு ஒரு மி.மீ. குறைந்தால் யார் கண்ணுக்கும் படாது. பெட்டியில் அரை மி.மீ. போதும், மூலையில் வெளிச்சம் தெரியும். அலமாரியைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். பெட்டியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதனால் புதிதாக வருகிறவர்கள் இன்னும் நல்ல அளவுகோல், இன்னும் நல்ல வெர்னியர் என்று தேடிப் போகிறார்கள். நானும் போனேன். அங்கே தீர்வு இல்லை.

பெட்டி எவ்வளவு நீளம் என்பது உண்மையில் ஒரு பொருட்டே இல்லை. 200 மி.மீ. என்று நினைத்தது 198.6 ஆக வந்தாலும் அது பெட்டிதான். ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று ஒரு தாள் கனம்கூட வித்தியாசப்படக் கூடாது. இடமும் வலமும் அப்படியே. இதை அளந்து சாதிக்க முடியாது. ரம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி வைத்துவிட்டு, இரண்டு துண்டையும் அதே கட்டையில் முட்டவைத்து அறுக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் ஒரு சமதளத்தில் சேர்த்து நிறுத்தி, மேல் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத படியும் நகத்தில் ‘டிக்’கென்று தட்டும். தட்டினால் நீளமானதை மட்டும் ஒரு சீவு இழைத்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். எண்ணே தேவையில்லை.

முதல் பெட்டிக்கு நான் சொல்லும் இணைப்பு மைட்டர், அதாவது இரண்டு பலகையின் முனையையும் 45 டிகிரி சாய்வாக வெட்டிச் சேர்ப்பது. அது வலுவில்லாத இணைப்பு, புறாவாலில் (புறாவின் வால்போல விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் இணைப்பு) தொடங்குவதுதான் முறை என்று சொல்கிற அனுபவசாலிகள் நிறையப் பேர் உண்டு. புறாவால் அழகு, வலு, எல்லாம் சரி. கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று என்று சாய்வு வைத்து, ரம்பத்தைக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிடித்துப் பழகவே சில மாதம் ஆகும். போதாக்குறைக்கு, அடிப்பலகை உட்கார நீங்கள் வெட்டும் காடி, அதாவது நீளப் பள்ளம், பலகையின் முனையில் ஓட்டையாக வெளியே தெரியும். அதை மறைக்கத் தனித் திட்டம் வேண்டும். மைட்டரில் காடியை முனை முதல் முனை வரை நேராக ஓட்டலாம், மூலை அதைத் தானே மூடிக்கொள்ளும். மரத்தின் ரேகையும் மூலையில் அறுபடாமல் வளைந்து அடுத்த பக்கத்துக்கு ஓடும். வலுவுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

மைட்டரின் வில்லங்கம் கணக்கில் இருக்கிறது. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலைக்கு வரும்போது நாலு டிகிரி சேர்ந்துவிடும். 10 மி.மீ. கனப் பலகையில் மைட்டர் முகம் சுமார் 14 மி.மீ. அகலம்; அதில் நாலு டிகிரி என்றால் ஏறக்குறைய ஒரு மி.மீ. திறந்து நிற்கும். மூன்று மூலை அருமையாகச் சேர்ந்து, நாலாவது வாயைப் பிளக்கிற கதை இதுதான். அந்த நாலாவது மூலையை மட்டும் திருத்தப் போகாதீர்கள், குற்றம் எட்டிலும் இருக்கிறது. ரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டு அறுத்து, பலகையை 45 டிகிரி சாய்வில் தாங்கிப் பிடிக்கும் ஒரு சாய்வுத் தாங்கி செய்துகொண்டு, இழைப்புளியைப் படுக்கவைத்து ஓட்டி முகத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு மதியத்தில் செய்துவிடக்கூடிய தாங்கி. அதன் கோணத்தைச் சோதிக்க, வேண்டாத பலகையில் நாலு துண்டு வெட்டி, சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டுப் பாருங்கள். நாலு மூலையும் மூடினால் தாங்கி சரி. மூடவில்லை என்றால் தாங்கியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிச் சாய்வை மாற்றி மறுபடி வெட்டிப் பாருங்கள். நல்ல மரத்தைத் தொடும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

கருவி விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். முதுகில் பட்டை வைத்த நுண்பல் ரம்பம் ஒன்று, அல்லது இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம். நடுத்தர இழைப்புளி ஒன்று. 6, 12, 18 மி.மீ. என மூன்று உளி. சின்ன மூலைமட்டம், கோடு கீற ஒரு கத்தி, விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ், காடி இழைக்க ஒரு காடி இழைப்புளி அல்லது சின்ன ரவுட்டர். டேபிள் சா இருந்தால் வேகம் கூடும், இல்லாவிட்டால் குடி முழுகாது. பெட்டிக்கு கிளாம்ப் அதிகம் வேண்டாம், டேப்பும் ரப்பர் பேண்டும் போதும். மிச்சப் பணத்தைத் தீட்டுக்கல்லில் போடுங்கள்.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புது உளி கடையிலிருந்து கூராக வருவதில்லை. 25 டிகிரியில் தீட்டிய அதன் சாய்வின் நுனியில் மட்டும் 30 டிகிரியில் ஒரு சின்ன இரண்டாம் சாய்வு வையுங்கள். 1000 எண் கல்லில், பின்பக்கம் விரலால் தடவினால் நுனி முழுக்க மெல்லிய பிசிர் தட்டுப்படும் வரை தேயுங்கள்; பாதி நுனியில் பிசிர் வந்து பாதியில் வரவில்லை என்றால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பொருள். பிறகு 6000 அல்லது 8000 எண் கல்லில் இரண்டு பக்கமும் தேய்த்துப் பிசிரை எடுங்கள். மயிரைச் சிரைத்துப் பார்க்கிற சோதனையை நான் நம்புவதில்லை. பைன் போன்ற மென்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் ஒரு சீவு சீவுங்கள். வெட்டிய இடம் மெழுகு பூசின மாதிரி பளபளத்தால் கூர். வெளுத்துப்போய் பொடி உதிர்ந்தால் இல்லை. மைட்டர் முகம் முழுக்கவே குறுக்குவெட்டுதான் என்பதால் மொன்னை இழைப்புளி அங்கே இழைக்காது, பிய்க்கும்.

மரம். நேர் ரேகை, கணு இல்லாதது, நடுத்தரக் கடினம். மகோகனி, வால்நட், செர்ரி மாதிரி உளிக்கு இணங்கிப் போகிற மரங்கள் தொடக்கத்துக்கு நல்லவை. தேக்கு அழகுதான், ஆனால் அதில் இருக்கும் சிலிக்கா கூரைச் சீக்கிரம் மழுக்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. ஈட்டி, கருங்காலி எல்லாம் பிறகு பார்க்கலாம். விலையுயர்ந்த மரம் என்ற பயத்தோடு வெட்டினால் கை நடுங்கும். ஈட்டி வகை மரங்களின் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரும். எந்த மரத்தூளானாலும் முகமூடி போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

மரம் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 8 முதல் 12 சதவீதம் வரை. வாங்கி வந்த பலகையை, பெட்டி இருக்கப்போகும் அறை போன்ற இடத்தில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி இரண்டு வாரம் விடுங்கள். கனமான பலகையைப் பிளந்து மெல்லிய பலகை எடுத்தால், இன்னும் சில நாள் விட்டுவிட்டுத்தான் கடைசி இழைப்பு. உள்ளே இருந்த ஈரம் அப்போதுதான் வெளியேறும், பலகை வளைந்தால் அந்த நாட்களிலேயே வளைந்து தொலையும்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. நீளவாக்கில் அது அசைவதே இல்லை எனலாம். அகலவாக்கில் ஈரக் காலத்தில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். 100 மி.மீ. அகலப் பலகை ஒரு மி.மீ. வரை கூடிக் குறையலாம். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் நம்பவில்லை. என் இரண்டாவது பெட்டிக்கு 140 மி.மீ. அகலத்தில் ஒரே பலகையாக அடி வைத்து, நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டினேன். கல் மாதிரி நின்றது. வறண்ட காலம் வந்தது. ஒருநாள் ராத்திரி அலமாரிக்குள்ளிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம், பல்லி என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அடிப்பலகையில் முனைக்கு முனை விரிசல், உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். மரம் சுருங்கப் பார்த்திருக்கிறது, பசை விடவில்லை, நடுவில் பிளந்துகொண்டது.

அதனால் முதல் பெட்டிக்கு அடியும் மூடியின் மேல்பலகையும் வெனீர் (தாள் போன்ற மெல்லிய மரத்தகடு) ஒட்டிய 4 மி.மீ. பிளைவுட்டாக இருக்கட்டும். அது உப்பாது, சுருங்காது, சுற்றிலும் பசை போட்டு ஒட்டலாம். அப்படி ஒட்டினால் மைட்டருக்கும் அதுவே முட்டுக்கொடுக்கும். மூடிக்கு முழுமரம்தான் வேண்டும் என்றால் காடிக்குள் பசை இல்லாமல் மிதக்க விடுங்கள், அகலவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. இடைவெளியோடு.

இப்போது பெட்டி. வெளி அளவு 200க்கு 130, உயரம் 90, பலகை கனம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் ஒரே பலகையிலிருந்து வர வேண்டும். சுற்றளவு 660, வெட்டுச் சேதாரத்துக்கும் சேர்த்து 750 மி.மீ. நீளப் பலகை எடுங்கள். வெளிமுகம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, இடமிருந்து வலமாகப் பின், இடது, முன், வலது என்று பென்சிலால் எழுதி அதே வரிசையில் அறுங்கள். மூன்று மூலையில் ரேகை தொடர்ந்து ஓடும். பலகையின் இரண்டு கடைசி முனைகள் சந்திக்கும் நாலாவது மூலையில் மட்டும் பொருந்தாது, அது பின்பக்கம் போய்விடும். அறுக்கும் முன் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு பெரிய முக்கோணமும் வரைந்து வையுங்கள். துண்டுகள் கலைந்துபோனாலும் கோடுகளைச் சேர்த்தால் வரிசை கிடைத்துவிடும்.

காடி 4 மி.மீ. ஆழம், கீழ் விளிம்பிலிருந்து 5 மி.மீ. மேலே, மூடிக்கும் மேலே அதே போல ஒன்று (பெட்டியை முழுக்க மூடி ஒட்டிவிட்டு, மூடியைப் பிறகுதான் அறுத்து எடுக்கப் போகிறோம்). பெட்டியின் உள் அளவு 180க்கு 110. காடிக்குள் போவதையும் சேர்த்தால் பிளைவுட் 188க்கு 118 வர வேண்டும், ஆனால் இரண்டிலும் அரை மி.மீ. குறைத்து வெட்டுங்கள். பிளைவுட் துளி பெரிதாக இருந்தாலும் மைட்டர் மூடவே மூடாது, நீங்கள் மைட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒட்டும் முன்பே உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கை அரக்குக் கரைசலும் (ஷெல்லாக்) பூசிவிடுங்கள், மைட்டர் முகத்திலும் காடியிலும் மட்டும் படாமல். ஒட்டின பிறகு உள்மூலைக்குள் விரலே போகாது, உப்புத்தாள் எங்கே போகும்? வழிகிற பசையும் அரக்கின் மேல் ஒட்டாமல் அப்படியே உரிந்து வரும்.

ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். நாலு துண்டையும் வெளிமுகம் மேலே வரும்படி, ஒரு நேர்விளிம்பில் முட்டவைத்து வரிசையாக அடுக்குங்கள். கூர்முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பின் மேலும் அகலமான டேப்பை இழுத்து ஒட்டுங்கள். இப்போது மொத்தத்தையும் பாய் மாதிரி தூக்கிக் கவிழ்த்தால் மைட்டர்கள் ‘V’ வடிவப் பள்ளங்களாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். குறுக்குவெட்டு முகம் பசையை உறிஞ்சிக் குடிக்கும். ஆகவே முதலில் எல்லா முகத்திலும் மெல்லியதாகப் பூசி ஐந்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டாவது முறை பூசுங்கள். அடியையும் மூடிப்பலகையையும் காடியில் செருகி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். டேப் இழுபட இழுபட மூலைகள் தாமாகவே மூடும். கடைசி மூலையை டேப்பால் இழுத்துக் கட்டி, மேலே ரப்பர் பேண்டு. சாதாரண வெள்ளைப் பசை சுமார் பத்து நிமிடம்தான் பொறுக்கும், அதனால் இதையெல்லாம் ஒருமுறை பசையில்லாமல் ஒத்திகை பார்த்துவிடுங்கள். உடனே இரண்டு மூலைவிட்டங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு குச்சியை மூலைக்கு மூலை வைத்துக் குறித்து மற்றதில் வைத்தாலே போதும். நீளமாக இருக்கும் மூலைகளை உள்ளங்கையால் அழுத்தினால் பெட்டியின் மூலைகள் செங்கோணத்துக்கு வரும். ஒருநாள் தொடாதீர்கள்.

வலுவுக்கு வழி இருக்கிறது என்றேனே, அது சாவிகள். மூலையின் கூர்விளிம்பு மேலே பார்க்கும்படி பெட்டியை ஒரு ‘V’ தொட்டிலில் வைத்து, மூலைக்குக் குறுக்கே ரம்பவெட்டுகள் போட்டு, அவற்றில் மெல்லிய மரத்தகடுகளைப் பசையோடு செருகுவது. தகட்டின் ரேகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சாவி தானே ஒடியும். விரலால் அழுத்தி உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் கனம் அதிகம், பசையின் ஈரத்தில் இன்னும் உப்பும். மூடி எங்கே பிரியப் போகிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு சாவிகளை அதற்கு மேலும் கீழுமாக வையுங்கள். கோட்டின் மேலேயே ஒரு சாவியை வைத்துவிட்டு, அறுக்கும்போது பார்த்து நொந்துகொண்டவன் நான். காய்ந்ததும் துருத்துவதை மூலையிலிருந்து உள்நோக்கி இழையுங்கள். மூலையை நோக்கி இழைத்தால் சாவி பிய்ந்து வரும்.

ஆமாம், பெட்டியை முழுக்க மூடிச் செய்துவிட்டு, பிறகுதான் மூடியை அறுத்து எடுக்கிறோம். மூடியும் உடலும் ரேகை மாறாமல் பொருந்த இதைவிட எளிய வழி இல்லை. கேஜால் சுற்றிலும் கோடு கீறி, கத்தியால் அதை ஆழமாக்கி, ஒரு பக்கத்தில் கொஞ்சம், திருப்பி அடுத்த பக்கத்தில் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி அறுங்கள். ஒரே பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போனால் ரம்பம் தன் இஷ்டத்துக்கு அலையும். அறுத்த விளிம்பைச் சமமாக்க, கண்ணாடித் துண்டின் மேல் 150 எண் உப்புத்தாளை ஒட்டி, விளிம்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். பென்சில் எல்லா இடத்திலும் அழிந்ததும் நிறுத்துங்கள்.

முதல் பெட்டிக்குக் கீல் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பதில் உள்ளே 3 மி.மீ. கனத்தில் ஒரு உள்சுவர், உடலின் விளிம்பைவிட 6 மி.மீ. உயரமாக, பசையில்லாமல் செருகி வையுங்கள். மூடி அதன்மேல் இறங்கி உட்காரும். பொருத்தம் சரியாக இருந்தால் மூடி பொத்தென்று விழாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேறிக்கொண்டே மெதுவாக இறங்கும். கீல்தான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பித்தளைத் திருகாணி மிக மென்மையானது. துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முடுக்கிக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளையைப் போடுங்கள். இல்லாவிட்டால் கடைசித் திருகில் தலை முறியும். உள்ளே மாட்டிய உடலை வெளியே எடுக்க நான் பட்ட பாடு இன்னொரு நாள் சொல்கிறேன்.

வெளிப்பூச்சு 150, 180, 240, 320 என்று உப்புத்தாள் ஏற்றிப் போன பிறகு. எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல்கள் பூச்சுக்கு அடியில் எழுந்து நிற்கும். அரக்கு மூன்று நாலு மெல்லிய பூச்சு, மேலே தேன்மெழுகு, போதும். வெளியே ஆளிவிதை எண்ணெய் பூசலாம், உள்ளே மட்டும் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த வாடை மாதக்கணக்கில் நிற்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது அது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முடிந்தால் ஒரு பெட்டிக்குப் பதில் மூன்றுக்குச் சேர்த்தே பக்கங்களை வெட்டுங்கள்; தடுப்பும் தாங்கியும் ஏற்கெனவே சரியாக நிற்கும்போது அதிக வேலை இல்லை, ஒன்று கெட்டாலும் மனம் ஒடியாது. வேலை முடிந்ததும் அந்தத் தடுப்புக் கட்டையின் நிலைக்கு ஏற்ப, நீளத்துக்கு ஒன்றும் குறுக்குக்கு ஒன்றுமாக இரண்டு அளவுக்குச்சி வெட்டி, மேலே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெட்டிக்கு அளவுகோலை எடுக்கவே வேண்டியிருக்காது.